தரங்கம்பாடியில் ஒரு சின்னச் சபை

- முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை, 2008 அணி, தாமல்



மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழு கேட்டுக்கொண்டது. காந்தி, காமராஜர், கலாம் எல்லோரையும் ஆளுக்கு ஒருவராக ஏற்கெனவே எடுத்துக்கொண்டு விட்டார்களாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் எழுத நினைத்தவர் வேறு ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாக வந்து போவாரே, தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவிய சீகன்பால்க், அவர்தான். பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த மனிதர் அச்சகம் வைப்பதற்காக இங்கே வரவில்லை. போதகராக வந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு சின்னஞ்சிறு சபை. பதின்மூன்று வருஷம் பாடுபட்டு அவர் கண்மூடியபோதும் அது சின்னச் சபையாகத்தான் இருந்தது. அந்தப் பதின்மூன்று வருஷத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் கிறிஸ்தவன் இல்லை. எனக்குச் சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிறவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். கோயில் மணிச் சத்தத்திலும் தறிச் சத்தத்திலும் வளர்ந்தவன் நான். இவரிடம் எப்படி மாட்டிக்கொண்டேன் என்றால், இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நம் நூலகத்தில் அச்சுக்கலை பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அதில் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான ஒரு தமிழ் இலக்கணத்தின் முகப்புப் படம் இருந்தது. லத்தீனில் எழுதிய புத்தகம். தலைப்பு கிராமாட்டிகா தாமுலிகா. தமிழ் என்பதை அந்தக் காலத்தில் அவர்கள் தாமுல் என்று எழுதினார்கள். என் கண்ணுக்கு அது தாமல் இலக்கணம் என்றே பட்டது! இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளை விட்டுவிட மனசு வரவில்லை. அன்று தொடங்கிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்க் 1682-ல் ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. சின்ன வயசிலேயே அம்மாவும் போய், அப்பாவும் போய்விட்டார்கள். அக்காவின் ஆதரவில் வளர்ந்த பையன். உடம்பு ஆரம்பம் முதலே சரியில்லை. ஓயாத வயிற்றுக் கோளாறு. அதனால் படிப்பே நடுவில் நின்று நின்றுதான் போயிற்று. ஹாலேயில் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிக்கூடங்களும் நடத்தி, பக்தி என்பது நடத்தையில் தெரியவேண்டும் என்று ஒரு இயக்கத்தையே வளர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கொஞ்ச காலம் படித்தார். அங்கேயும் உடம்பு விடவில்லை.

அந்தச் சமயத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்குக்கு ஒரு யோசனை வந்தது. தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர் கையில் இருந்த ஊர். தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வாங்கி, கடலோரம் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, வியாபாரம் செய்துவந்தார்கள். அங்கே இருக்கும் தமிழ் ஜனங்களுக்குப் போதகர்களை அனுப்பவேண்டும் என்று மன்னர் நினைத்தார். சொந்த நாட்டில் தகுந்த ஆள் கிடைக்காததால் ஜெர்மனியில் தேடினார்கள். கிடைத்தவர்கள் சீகன்பால்க்கும் அவருடைய நண்பர் புளுட்சாவும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். 1705 நவம்பரில் சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடலில். 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தபோது சீகன்பால்க்குக்கு வயது 23.

வரவேற்பு? ஒன்றும் இல்லை. கரை இறங்குவதற்கே காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இறங்கிய பிறகும் தங்க இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். கோட்டைத் தலைவர் ஹாசியசுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. அவர் பக்கத்தையும் சொல்லவேண்டும் அல்லவா? அவர் வியாபாரக் கம்பெனியின் ஆள். மதம் பேசப்போய் ஊர் ஜனங்கள் கோபித்துக்கொண்டால் துணியும் மிளகும் கிடைக்காது. கம்பெனியைத் தாண்டி மன்னர் நேராக ஆளனுப்பியதும் அவருக்கு உறுத்தல். மேலிடத்து ஆள் என்று ஒருவர் நம் சைட்டில் வந்து இறங்கினால் நமக்கு எப்படி இருக்கும்!

அன்றைக்கு அந்தக் கடற்கரைத் துறைமுகங்களில் போர்த்துகீசிய மொழி தெரிந்தால் காலம் தள்ளிவிடலாம். புளுட்சாவ் அதை எடுத்துக்கொண்டார். சீகன்பால்க் தமிழை எடுத்தார். எப்படிப் படித்தார் தெரியுமா? வயதான ஒரு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிறகு கம்பெனியில் துபாஷ் வேலை பார்த்த அழகப்பர் என்பவரிடம் பேச்சுத் தமிழ். தினமும் காலையில் பழைய சொற்களைத் திருப்பிச் சொல்வது, அப்புறம் படித்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடி வாசிப்பது என்று நேரம் ஒதுக்கி வேலை செய்தார். இரண்டே வருஷத்தில், 1708-ல், தான் திரட்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் நம்மவர்களின் தமிழ் நூல்கள் மட்டும் 119. அதே வருஷம் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மதம் மாற்ற வந்தவர் ஔவையாரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சபைக்கு வருவோம். 1707 மே 12-ம் தேதி முதல் ஞானஸ்நானம். ஐந்து பேர். ஐந்து பேருமே ஐரோப்பிய எஜமானர்களின் வீட்டில் வேலை செய்த அடிமைகள். டேனிஷ்காரர்களின் சீயோன் ஆலயத்தில் அது நடந்தது. எஜமானர்கள் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் அதே இடம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடிமைகளுக்கும் தங்களுக்கும் ஒரே கடவுள் என்பதை ஞாயிற்றுக்கிழமை ஒத்துக்கொண்டால் திங்கட்கிழமை என்ன பண்ணுவது? பகை அங்கேதான் ஆரம்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிப்பார்வைக்கு அது கோட்டைத் தலைவருக்கும் போதகருக்கும் நடந்த அதிகாரச் சண்டை மாதிரித் தெரியும்.

தமிழ் ஜனங்கள் தயங்காமல் வந்து உட்காரத் தனியாக ஒரு இடம் வேண்டும் என்று தங்கள் சம்பளப் பணத்தையும் போட்டு ஒரு சிறிய ஆலயம் கட்டினார்கள். கட்டத் தொடங்கி இரண்டு மாதத்தில், 1707 ஆகஸ்ட் 14-ம் தேதி, புதிய எருசலேம் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். அடுத்த மாதம் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேர்ந்தவர்களுக்கு ஆனது என்ன? அடிமைகளுக்கு இழப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. மற்றவர்களை வீட்டில் சேர்க்கவில்லை, தொழிலில் சேர்க்கவில்லை. அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் போதகர்தான் வழி பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதே 1707-ல் ஆரம்பித்தார்கள், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. பெண் பிள்ளை எழுத்துப் படிப்பதா என்று ஐரோப்பாவிலேயே பலர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1708-ல் ஐரோப்பாவிலிருந்து உதவிப் பணம் வந்தது. கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து பெட்டியோடு கடலுக்குள் போயிற்று. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்! பாவம்.

அதே ஆண்டில்தான் சிறைவாசமும். நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவியிடம் பழைய கடனைக் கேட்டு நெருக்கினார் ஒருவர். அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த செல்வாக்கான ஆள். அந்தக் கைம்பெண் போதகரிடம் வந்து அழுதார். சீகன்பால்க் அவருக்காகப் பேசப் போனார். போதகருக்கு வழக்கில் என்ன வேலை என்று ஹாசியஸ் சீறினார். வார்த்தை தடித்தது. 1708 நவம்பர் 19-ம் தேதி கோட்டைக்குள் அடைத்தார்கள். நான்கு மாதம். எழுத மையும் பேனாவும் கொடுக்கவில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது பாதியில் நின்றது. தமிழ் சொல்லிக்கொடுத்த அழகப்பரையும் கோட்டைக்காரர்கள் சும்மா விடவில்லை. ஊரை விட்டே துரத்திவிட்டார்கள். போதகரே சிறையில் இருக்கும் சபைக்கு யார் துணிந்து வருவார்கள்? 1709 மார்ச் 26-ம் தேதி விடுதலை. வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பை எடுத்தார். 1711 மார்ச்சில் முடித்தார்.

இவரை ஒரு சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரர். ஐரோப்பியர்களின் குடியையும் கூத்தையும் பிரசங்கத்திலேயே போட்டு உடைப்பார். 1709-ல் துணைக்கு வந்த போதகர்களில் ஒருவரோடு அவருக்குச் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. அவர் இரண்டு வருஷத்தில் திரும்பிப் போய்க் குறை சொல்லி எழுதினார். இன்னொருவர் கிருண்ட்லர். இவர் கடைசி வரை கூட நின்றார். புளுட்சாவ் 1711-ல் ஊர் திரும்பிவிட்டார். விடாப்பிடியாக நிற்கிற ஆட்களிடம் இந்தக் கோபம் கூடவே இருக்கும் போலிருக்கிறது. நம் துறையிலும் பார்த்திருக்கிறேன்.

இனி அச்சகம். நான் ஒரகடம் பக்கம் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில் டை டிசைனில் இருப்பவன், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711-ல் ஒரு அச்சு இயந்திரம், ரோமன் எழுத்துகள், காகிதம், கூடவே ஓர் அச்சர் என்று அனுப்பியது. வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். எப்படியோ மீட்டார்கள். அச்சர் வழியிலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, ஓட்ட ஆள் இல்லாமல். தேடிப் பார்த்தால் கம்பெனிப் படையில் இருந்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு அச்சு வேலை தெரியும்! அவரை வைத்து ஆரம்பித்தார்கள்.

தமிழ் எழுத்துகளுக்கு இங்கிருந்து வடிவம் வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழ் எழுத்தையே பார்த்திராத கைகள் அவற்றை வெட்டி வார்த்தன. 1713-ல் வந்து சேர்ந்தன. எல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் இருக்கிற காகிதம் எந்த மூலைக்கு? அந்த வருஷம் வந்திருந்த ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பவர் போறையாரில் பட்டறை போட்டுச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார். இது எவ்வளவு கஷ்டம் என்று இயந்திரவியல்காரர்களுக்குத் தெரியும். முதலில் எஃகில் எழுத்தைத் தலைகீழாக வெட்டவேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் எடுக்கவேண்டும். அதைக் கை அச்சில் பொருத்தி உருகிய உலோகத்தை ஊற்றவேண்டும். வெறும் ஈயம் ஆறும்போது சுருங்கும், அழுத்தினால் நசுங்கும். வெள்ளீயமும் ஆண்டிமனியும் சரியான அளவில் சேர்ந்தால்தான் முனை கூர்மையாக நிற்கும். உயரத்தில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் அந்த எழுத்து காகிதத்தில் படாது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. நமக்கோ உயிர், மெய், கொம்பு, கால், உகரத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி! ஈயம் போதாமல், லண்டனிலிருந்து வந்த பாலாடைக் கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டையும் உருக்கினார்கள் என்று சொல்வார்கள். கம்ப்யூட்டரில் மாடல் பண்ணி, சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் முகம் சுருங்குகிற எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும்.

1714-ல் சுவிசேஷங்கள் அச்சாகின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. தமிழில் அச்சு என்பது 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தோடு வந்துவிட்டது. ஆனால் அந்த முயற்சி பின்னால் தொடராமல் போயிற்று. அறுந்த இழையைத் தரங்கம்பாடியில் மறுபடி முடிச்சுப் போட்டார்கள். அந்தத் தமிழ் எப்படி இருந்தது? வீரமாமுனிவர் பின்னாளில் அதை நன்றாகவே கேலி செய்தார். இலக்கணப்படி பார்த்தால் கேலியில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தமிழைக் கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பாருங்கள். சமையல்காரர்கள், வீட்டு வேலையாட்கள், கைம்பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். கடைத்தெருவில் கேட்ட தமிழில்தான் அவர்களுக்குச் சொல்ல முடியும்.

இதற்கிடையில் அவர் செய்த வேறொரு காரியம் அவரை அனுப்பியவர்களுக்கே பிடிக்கவில்லை. தென்னாட்டு மக்கள் எந்தெந்தத் தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று சிவன், திருமால் தொடங்கி ஐயனார், மாரியம்மன் வரை விசாரித்து 1713-ல் பெரிய புத்தகமே எழுதினார். ஊரில் உள்ள தமிழர்களிடம் கேள்வி கேட்டுக் கடிதம் வாங்கினார்கள் அவரும் கிருண்ட்லரும். அந்தக் கடிதங்கள் ஹாலேயில் அச்சாகின. தெய்வங்களைப் பற்றிய புத்தகத்தை மட்டும் ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால் இவர் அதை ஐரோப்பாவில் பரப்புகிறாரே என்பது அவர் வாதம். 150 வருஷத்துக்கு மேல் தூங்கி, 1867-ல் சென்னையில்தான் அது அச்சேறியது. இவர் நம் வழிபாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை, மறுத்தே எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் மறுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அந்த நேர்மை எனக்குப் போதும்.

1714-ல் ஐரோப்பா போனார், மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பயணத்தில் எழுதியதுதான் நான் முதலில் சொன்ன இலக்கணம். மரியா டோரதேயாவைக் கல்யாணம் செய்துகொண்டு 1716-ல் திரும்பினார். அந்த வருஷமே உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிக்க எட்டு மாணவர்களோடு ஒரு கல்விச்சாலை தொடங்கினார். பழைய ஆலயம் போதாமல் 1717 பிப்ரவரியில் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டு, 1718 அக்டோபர் 11-ம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். இன்றைக்கும் அது நிற்கிறது, வழிபாடும் நடக்கிறது. குடும்பத்தோடு பூம்புகார் போனபோது ஒரு மத்தியானம் அங்கே இறங்கினேன். சிலுவை வடிவக் கட்டடம், கனத்த சுவர், முகப்பில் மன்னரின் கிரீடமும் பெயரெழுத்தும். என் மகள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

இந்த ஆலயத்துக்காகவும் அவர் திட்டு வாங்கினார். கோபன்ஹேகனில் இந்த ஊழியத்தை நிர்வகித்த குழுவின் செயலாளர் வெண்ட் என்பவர். அப்போஸ்தலர்கள் போலக் கையில் காசில்லாமல் கால்நடையாகப் போய்ப் பிரசங்கம் செய்யவேண்டும். ஆலயம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, செலவு எதற்கு என்பது அவர் கொள்கை. மனைவி மக்களோடு போதகர் இருப்பதும் அவருக்குச் சம்மதமில்லை. நேரில் தரங்கம்பாடியைப் பார்த்தவரும் இல்லை. பணம் வருவது குறைந்தது. கண்டனக் கடிதம் வந்தது. பதில் போய்ச் சேர ஒரு வருஷம் ஆகும். ஹெட் ஆபீசிலிருந்து வரும் இப்படிப்பட்ட கடிதங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம், ஆனால் நமக்கு மறுநாள் விளக்கம் எழுதிவிடலாம். ஹாசியசின் சிறை அவரை உடைக்கவில்லை. அது எதிராளி போட்ட அடி. இது சொந்த வீட்டிலிருந்து வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த உடம்பு இதைத் தாங்கவில்லை.

1719 பிப்ரவரி 23-ம் தேதி காலமானார். வயது 36. இன்று நம் அணியில் பலரை விட இளையவர். தான் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அன்றைய கணக்கில் சபையார் சுமார் 250 பேர். நம் கல்லூரியில் ஒரு துறை மாணவர்களின் எண்ணிக்கைகூட இல்லை. பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை தமிழாக்கி வைத்திருந்தார், மீதி கிடந்தது. ஒரு வருஷம் கழித்து, 1720 மார்ச்சில், கிருண்ட்லரும் போய்விட்டார்.

மீதியை 1719-ல் வந்து சேர்ந்த சூல்ட்ஸ் என்பவர் முடித்து, 1720-களில் முழு விவிலியமும் தமிழில் அச்சாயிற்று. கடலூர்ப் பக்கத்து ஆறுமுகம் என்ற இளைஞருக்கு, சாவதற்கு முந்தின வருஷம் சீகன்பால்க் ஞானஸ்நானம் கொடுத்து ஆரோன் என்று பெயரிட்டிருந்தார். அந்த ஆரோனைத்தான் 1733 டிசம்பர் 28-ம் தேதி தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் செய்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபைக்கு முதல் இந்தியப் போதகர் அவர். கோட்டைக்கு வெளியே மாயவரம் வட்டாரத்துக் கிராமங்களை அவர் பொறுப்பில் விட்டார்கள். 1745-ல் இறக்கும் வரை அந்த ஊர்களுக்கு நடந்தே போய்வந்து கொண்டிருந்தார்.